சிறைக்குள் இருந்து டிகிரி: இக்னோவா, தமிழ்நாடு திறந்தநிலையா, ஐடிஐயா?

“அண்ணனுக்குப் பத்து வருஷம் போட்டாங்க. நாலு முடிஞ்சுது. போன வாரம் மனு பார்த்தப்ப டிகிரி படிக்கணும்னு சொல்றான். இக்னோவுல சேர்க்கட்டுமா, தமிழ்நாடு ஓப்பன்ல சேர்க்கட்டுமா?”

ஒரு தங்கை அனுப்பிய கேள்வி இது. (இக்னோ என்றால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். மனு பார்ப்பது என்றால் சிறையில் இருப்பவரை நேரில் பார்த்துப் பேசுவது. சிறை வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு இந்த விளக்கம் தேவையில்லை.) அம்மாக்களும் மனைவிகளும் இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரு ஜூனியர் வக்கீல்கூடக் கேட்டார். நான் சில ஆண்டுகள் ஒரு மத்திய சிறைக்குச் சனிக்கிழமைகளில் பாடம் சொல்லித்தரப் போய்வந்தவன். அதிகாரியும் இல்லை, வக்கீலும் இல்லை. உள்ளே எது நடக்கும், எது பாதியில் நிற்கும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன், அவ்வளவுதான்.

எல்லோரும் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் தேதியில் ஆரம்பிக்கச் சொல்வேன்.

## முதலில் இவற்றைப் பாருங்கள்

மிச்சம் எத்தனை நாள்? பி.ஏ., பி.காம். எதுவானாலும் குறைந்தது மூன்று வருடம். இன்னும் ஒன்றரை வருடத்தில் வெளியே வரப்போகிறவர் இன்று சேர்ந்தால், படிப்பின் பின்பாதி வெளியில்தான். வேலை தேடி, வீட்டுக் கடனை அடைத்து, பிள்ளைகளோடு மறுபடி பழகுகிற அந்த நாட்களில் புத்தகத்தைத் திறந்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

தண்டனைக் கைதிக்காவது தேதி தெரியும். விசாரணைக் கைதிக்கு அதுவும் இல்லை. 2022 கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 75.8 சதவீதம் விசாரணைக் கைதிகள். ஜாமீன் அடுத்த வாரமும் வரலாம், மூன்று வருடம் கழித்தும் வரலாம். அவருக்குச் சரியான படிப்பு, நடுவில் ஜாமீன் கிடைத்தாலும் அறுந்துபோகாத படிப்பு.

பிளஸ் டூ சான்றிதழ் இருக்கிறதா? இதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் விழும் குழி இதுதான்.

எந்த மொழியில் படிப்பார்? வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போது புரியாத ஆங்கிலத்தை போனில் தேடிப் பார்த்துவிடலாம். உள்ளே போன் கிடையாது. புத்தகத்தில் இருப்பதுதான் படிப்பு.

வெளியே ஓடியாட ஆள் இருக்கிறதா? உள்ளே இருப்பவரின் ஆர்வம் பாதி. மீதியை மதிப்பெண் சான்றிதழைத் தேடி எடுக்கிறவர், நகல் போடுகிறவர், பல்கலைக்கழகத்தின் மண்டல மையத்துக்கு நடையாய் நடக்கிறவர்தான் சுமக்கிறார்.

இந்தக் கடைசி விஷயத்தில் புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் டெப் ஐடி எண் வேண்டும். அதற்கு முன்னால் ஏபிசி ஐடி, அதாவது படிப்பின் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண். அதற்கு டிஜிலாக்கர், அதாவது சான்றிதழ்களைப் போனில் வைக்கும் அரசுச் செயலி. டிஜிலாக்கருக்கு ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு வரும் ஓடிபி. கைதான அன்றே போலீஸ் எடுத்துக்கொண்ட போனில் இருந்த சிம் அது. ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் கிடந்து, கம்பெனி அந்த எண்ணை வேறு யாருக்கோ கொடுத்திருக்கும். எண்ணை மாற்ற அவரே தன் அடையாளத்தைக் காட்ட வேண்டும், ஆளோ உள்ளே. சிறைக்குள் ஆதார் முகாம் நடந்தால் அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம். எப்போது நடக்கும் என்று சிறையின் நல அலுவலரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். பெரிய திட்டங்கள் எல்லாம் இந்த ஆறு இலக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

## முதல் வழி: பிளஸ் டூவை முடிப்பது

டிகிரி பற்றிக் கேட்டால் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்கிறானே என்று தோன்றும். பொறுங்கள்.

பத்தாம் வகுப்போ அதற்கும் கீழோ படித்தவர்களை ஆயத்தப் படிப்பு ஒன்றில் சேர்த்து, நேராக பி.ஏ.வில் உட்கார வைக்கும் வழி திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் இருந்தது. சிறையில் அந்த வழி ரொம்பப் பிரபலம். இரண்டு வருடப் பள்ளிப் படிப்பு மிச்சப்படும் அல்லவா? ஆனால் 2009ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் படிநிலை தாண்டி வாங்கிய பட்டங்களை ஏற்கவில்லை. அதே ஆண்டு தமிழ்நாடு அரசும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று ஆணை போட்டது. பார் கவுன்சிலின் 2008 விதிகளும் அப்படித்தான்: அடிப்படைப் படிப்பு இல்லாமல் நேராகத் திறந்தநிலையில் வாங்கிய பட்டத்தை வைத்துச் சட்டப் படிப்பில் சேர முடியாது.

“ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்கு அரசு வேலையா கொடுக்கப் போறாங்க?” என்று ஒரு அப்பா என்னிடம் சலித்துக்கொண்டார். அவர் மகன் விசாரணைக் கைதி. அவனுக்குத் தீர்ப்பே வரவில்லை. நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் அந்த நிலையில் இருக்கும்போது, விடுதலையாகி வரப்போகிறவனின் கதவை நாமே ஏன் சாத்த வேண்டும்?

பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதலாம். ஒவ்வொரு ஆண்டும் மத்திய சிறைகளுக்குள் பொதுத்தேர்வு மையம் போட்டு எழுத வைக்கிறார்கள். தமிழில் படிக்கலாம், பாடப் புத்தகம் சுலபமாகக் கிடைக்கும், கூட எழுதுகிறவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். இந்தக் கடைசி விஷயத்தை லேசாக நினைக்காதீர்கள். மாலை ஆறு மணிக்கு லாக்கப் ஆனால் காலை வரை வெளியே வர முடியாது. விளக்கு இரவெல்லாம் எரியும். பக்கத்தில் இருப்பவரும் அதே பாடத்தைப் படித்தால் அந்த வெளிச்சம் உதவும். இல்லையென்றால் அது தூக்கத்தைக் கெடுப்பதற்கு மட்டும்தான்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையில் இருந்த பேரறிவாளனை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2012ல் வேலூர் சிறையில் இருந்தபடி பிளஸ் டூ எழுதி 1,200க்கு 1,096 வாங்கினார். இக்னோவில் பி.சி.ஏ., எம்.சி.ஏ. படித்தவரும் அவரே. 1991ல் கைதாகும் முன்பே டிப்ளமா வைத்திருந்தவர் உட்கார்ந்து பிளஸ் டூ எழுதினார் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

மறைந்திருக்கும் செலவு: விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று 2018ல் கொண்டுவந்தார்கள், 2025ல் எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். பழைய பாடத்திட்டத்தில் தவறிய பாடம் இருந்தால் இப்போது எந்தப் பாடத்திட்டத்தில் எழுதுவது என்பதைத் தேர்வுத் துறையில் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

யாருக்கு நல்லது: பிளஸ் டூ இல்லாத எல்லோருக்கும். இன்னும் பத்து வருடம் உள்ளே இருக்கப்போகிறவருக்கும் கூட.

## இரண்டாவது வழி: இக்னோ

சிறைக் கல்வியில் இக்னோவுக்கு அனுபவம் அதிகம். 1985ல் தொடங்கிய பல்கலைக்கழகம், 1994லேயே திகார் சிறைக்குள் படிப்பு மையம் வைத்தது. சிறைவாசிகளுக்குக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை, ஜூன், டிசம்பர் என்று இரண்டு முறை தேர்வு. மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடம் வரை இழுக்கலாம். ஒரு தேர்வை விட்டால் ஆறு மாதத்தில் அடுத்தது வந்துவிடுகிறது. கோர்ட்டு வாய்தா தேர்வு நாளில்தான் வரும் என்று சபதம் செய்தது போல வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொரு பலம், நாடு முழுக்க மையங்கள். ஜாமீனில் வந்தால் வெளி மையத்துக்கு மாற்றிக்கொண்டு தொடரலாம். வேறு மாநிலச் சிறைக்கு மாற்றினாலும் சேர்க்கை எண் கூடவே போகும். விசாரணைக் கைதிக்கு, வெளிமாநில வழக்குகள் உள்ளவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

சரி, மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். முதலாவது மொழி. பெரும்பாலான பாடநூல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவருக்கு முதல் கட்டுப் புத்தகம் வந்ததும் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது அசைன்மென்ட். மதிப்பெண்ணில் பொதுவாக 30 சதவீதம் அதற்கு. கையால் எழுதி, கடைசித் தேதிக்குள் சேர்க்க வேண்டும்.

என் கதை ஒன்று. ஏழு பேர் எழுதிய அசைன்மென்ட் கட்டை ஒரு சனிக்கிழமை நானே சரிபார்த்து, நூலால் கட்டி, சிறை அலுவலகத்தில் கொடுத்தேன். கம்பி ஸ்பைரல் நோட்டுக்கு உள்ளே அனுமதி இல்லை என்பதால் எல்லாம் தனித்தாள், மூலையில் ஓட்டை போட்டு நூல் கோத்தது. இரண்டு மாதம் கழித்துத் தேர்வுப் பட்டியல் பற்றிக் கேட்கப் போனபோது அந்தக் கட்டு அதே நூலோடு ஒரு அலமாரியின் மேல்தட்டில், பழைய வருகைப் பதிவேடுகளுக்கு நடுவில் இருந்தது. கொடுத்த அன்று நான் ஏற்புக் கையெழுத்து வாங்கவில்லை. அதை எடுத்து வைத்தவர் மாற்றலாகிப் போயிருந்தார். ஏழு பேருக்கும் அந்த அசைன்மென்ட் மதிப்பெண் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போனது. அதில் இருவர் அதற்கப்புறம் எழுதவே இல்லை. ஆகவே எதைக் கொடுத்தாலும் நகல் எடுத்துக்கொண்டு, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

மூன்றாவது, செய்முறை. பி.சி.ஏ.வுக்குக் கம்ப்யூட்டரில் உட்கார வேண்டும், அதற்கு வருகைப் பதிவும் உண்டு. அந்தச் சிறையில் ஓடுகிற கம்ப்யூட்டர் எத்தனை, அதில் உட்கார எந்த நேரம் விடுவார்கள் என்று தெரியாமல் சேராதீர்கள். ஆய்வகம் வேண்டிய அறிவியல் பாடங்களை இந்தக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

## மூன்றாவது வழி: தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்

2002ல் தொடங்கியது. சென்னை சைதாப்பேட்டையில் தலைமையிடம். இங்கே படிப்பதற்கு ஒரே ஒரு பெரிய காரணம் போதும்: தமிழ். வரலாறு, தமிழ் இலக்கியம், பொது நிர்வாகம், வணிகவியல் என்று தமிழில் படித்துத் தமிழில் எழுதலாம். சிறைகளுக்குள் சிறப்பு மையங்களும் நடத்தியிருக்கிறார்கள். உங்கள் ஆள் இருக்கும் சிறையில் இப்போது மையம் ஓடுகிறதா, கட்டணச் சலுகை எந்தப் படிப்புக்கு என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குறை என்னவென்றால் எல்லை. வேறு மாநிலச் சிறைக்கு மாற்றினால் தேர்வு எழுதுவது கடினம். தண்டனை முடியும்வரை புழல், சேலம், பாளையங்கோட்டை என்று தமிழ்நாட்டுக்குள்தான் இருப்பார் என்று உறுதியாகத் தெரிந்தால் அந்தக் கவலை இல்லை.

பாடத் தேர்வில் என் அபிப்பிராயம் ஒன்று. இலக்கியத்தில் உண்மையான ஆசை இருந்தால் பி.ஏ. தமிழ் எடுக்கட்டும், அந்த ஆசைதான் மூன்று வருடத்தைத் தாண்ட வைக்கும். அப்படி எதுவும் இல்லை, பிழைப்புக்குத்தான் என்றால் பி.காம். பெரிய கம்பெனிகள் பின்னணி விசாரிக்கும். கடைத்தெருவில் ஜிஎஸ்டி கணக்கு எழுத ஆள் தேடுகிற மொத்த வியாபாரி, தெரிந்தவர் சொன்னால் எடுத்துக்கொள்வார்.

## நான்காவது வழி: ஐடிஐ

உயர்கல்வி பற்றிய கட்டுரையில் ஐடிஐ என்ற தொழிற்பயிற்சி நிலையம் எதற்கு என்று கேட்டால், உயர்கல்விக்குப் போகும் பின்வாசல் அதில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்து இரண்டு வருட ஐடிஐயும் முடித்தவர், மொழித் தேர்வுகளில் தேறினால் அதைப் பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டு. ஒரே கல்லில் கைத்தொழிலும் பட்டப் படிப்புக்கான தகுதியும்.

திருச்சி மத்திய சிறையில் ஐடிஐ நடக்கிறது. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்றவை இரண்டு வருட ட்ரேடுகள் (தொழிற்பிரிவுகள்), வெல்டர் ஒரு வருடம். சிறை ஐடிஐயில் இந்த வருடம் எந்த ட்ரேடு நடக்கிறது என்பதை நல அலுவலர் சொல்வார். ஃபேன் ஓடவில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற வீட்டுக்காரர் வழக்கு விவரம் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்து வெளியே வந்ததும் சீக்கிரம் காசு பார்த்தவர்கள் இவர்கள்தான்.

இதன் மறைமுக விலையைக் குடும்பம்தான் கொடுக்கும். பாளையங்கோட்டையில் இருப்பவர் திருச்சி ஐடிஐயில் சேர்வதென்றால் திருச்சிச் சிறைக்கு மாற்றலாக வேண்டும். அப்புறம் மனு பார்க்க வயதான அம்மா பஸ் பிடித்து அவ்வளவு தூரம் போக வேண்டும். வாரா வாரம் பார்த்தவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார். அதை அம்மாவிடம் முதலில் பேசுங்கள், அண்ணனிடம் பிறகு. வகுப்பு நேரத்துக்குச் சிறைத் தொழிற்கூடக் கூலி கிடைக்குமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கூலியில் பிடித்தம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் சோப்பும் பிஸ்கட்டும் அதில்தான்.

## ஐந்தாவது: வக்கீல் ஆக வேண்டும் என்பவர்களுக்கு

உள்ளே இருக்கும் பத்துப் பேரில் ஒருவராவது சட்டம் படிக்க ஆசைப்படுவார். தன் கேஸ் கட்டைத் தானே வரி வரியாகப் படித்தவருக்கு அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் வக்கீல் தொழிலுக்கான எல்எல்.பி.யைத் தபாலில் படிக்க முடியாது. 70 சதவீத வருகை வேண்டும்.

கேரளத்தில் ஒரு கதவு திறந்தது. 2023 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், கண்ணூர் மத்திய சிறையிலும் சீமேனி திறந்தவெளிச் சிறையிலும் இருந்த இரண்டு ஆயுள் கைதிகளை ஆன்லைனில் எல்எல்.பி. வகுப்பில் சேர்ந்துகொள்ள அனுமதித்தது. இருவரும் நுழைவுத் தேர்வு எழுதி இடம் வாங்கியவர்கள். இங்கேயும் அதைக் காட்டிக் கேட்கலாம். ஆனால் அதற்கு ரிட் மனு, வக்கீல் பீஸ், ஒத்துழைக்கும் ஒரு கல்லூரி எல்லாம் வேண்டும். தீர்ப்பு வருவதற்குள் கல்வி ஆண்டு முடிந்துவிடும் அபாயமும் உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வக்கீல்கள் சட்டம் 24ஏ பிரிவின்படி, ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர் விடுதலையாகி இரண்டு வருடம் ஆகும்வரை வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. ஆயுள் தடை இல்லை, இரண்டு வருடம்தான். ஆனால் வெளியே வந்த மறுநாளே கோட்டு மாட்டலாம் என்ற கனவோடு அவர் படிக்கக் கூடாது. என் யோசனை: ஏதாவது ஒரு பட்டத்தை உள்ளே முடித்துக்கொண்டு, மூன்று வருட எல்எல்.பி.யை வெளியே வந்து படிப்பது.

## அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை

| வழி | குறைந்தபட்ச காலம் | மொழி | பெரிய சிக்கல் | யாருக்கு |
|---|---|---|---|---|
| பிளஸ் டூ | ஓரிரு வருடம் | தமிழ் | மாறும் விதிகள் | பள்ளிப் படிப்பு முடியாதவர் |
| இக்னோ | 3 வருடம் | ஆங்கிலம், இந்தி | அசைன்மென்ட் | விசாரணைக் கைதி, இடம் மாறக்கூடியவர் |
| தமிழ்நாடு திறந்தநிலை | 3 வருடம் | தமிழ் | மாநில எல்லை | நீண்ட தண்டனை, தமிழ் வழி |
| ஐடிஐ | 1 முதல் 2 வருடம் | ட்ரேடைப் பொறுத்தது | சிறை மாற்றல் | சீக்கிரம் வெளியே வருபவர் |
| எல்எல்.பி. | 3 வருடம் | கல்லூரியைப் பொறுத்தது | நீதிமன்ற அனுமதி | ஏற்கெனவே பட்டம் உள்ளவர் |

டிகிரி வாங்கினால் தண்டனை இத்தனை மாதம் குறையும் என்று யாராவது சொன்னால், எந்த விதி என்று எழுத்தில் கேளுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் இது வேறுபடும். அந்த நம்பிக்கையில் மட்டும் சேர்ந்தவர், அது இல்லை என்று தெரிந்த அன்றே புத்தகத்தை மூடிவிடுவார்.

## அந்தத் தங்கைக்கு

நான் கேட்ட முதல் கேள்வி, அண்ணன் பிளஸ் டூவா என்பது. “எழுதினான், ரெண்டு சப்ஜெக்ட் போச்சு” என்றார். அப்படியானால் இக்னோவும் வேண்டாம், திறந்தநிலையும் வேண்டாம், இந்த வருடம் அந்த இரண்டு பாடம்தான். மிச்சம் ஆறு வருடம் இருக்கிறது. தண்டனைக் குறைப்பு நாட்களைக் கழித்தாலும் பிளஸ் டூவுக்கு ஒன்று, பி.காம்.க்கு மூன்று என்று தாராளமாகப் போதும். தமிழ் வழியில் படித்தவர், தமிழ்நாட்டு வழக்கு, அதனால் அடுத்த வருடம் தமிழ்நாடு திறந்தநிலை. ஆங்கிலத்தில் படிக்கத்தான் ஆசை என்று அவரே சொன்னால் இக்னோவுக்கும் தடை இல்லை. அதை அவர் வாயால் சொல்லட்டும், நீங்கள் முடிவெடுக்காதீர்கள் என்றேன்.

பழைய மதிப்பெண் பட்டியல் வீட்டில் இருக்கிறதாம், டிரங்குப் பெட்டியில், அப்பாவின் இறப்புச் சான்றிதழோடு. ஆதாரில் எந்த மொபைல் நம்பர் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: “அவன் பழைய நம்பர்தான் அண்ணே. இப்ப போட்டுப் பார்த்தேன், யாரோ ஒரு பொம்பளை எடுத்தாங்க.”

அடுத்த மனுவில் முதல் வேலையாக ஆதார் முகாம் பற்றி விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.